மையவாடியும் துயிலும் இல்லமும்

 

நீளமான பதிவு இது. பாதியில் விட்டுவிட்டு ஏசாதீர்கள். முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தேன். ஊர் வட்ஸ்அப் குழுமம் ஒன்றில் ஒரு படம். வாவிக்கு அந்தப் பக்கம், மாவடி முன்மாரியில், பத்துப் பதினைந்து பேர் மண்வெட்டியும் கத்தியுமாகப் பற்றை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். கூடுதலானவர்கள் வயதான பெண்கள். நவம்பர் 27க்கு முன்னர் மாவீரர் துயிலும் இல்லத்தைத் துப்புரவாக்குகிறார்கள். படத்துக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "பள்ளிக்குள்ள சுட்டவனுகளுக்கு விளக்கு வைக்கப் போறாங்க. பொலிஸ் எங்க?" அதற்குக் கீழே நாற்பதுக்கு மேல் பதில்கள். அவற்றில் இரண்டை எழுதியவர்கள் என்னிடம் படித்த பிள்ளைகள்.

இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மாணவன் எழுதியதைப் பார்த்துவிட்டு ஆசிரியன் பேசாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தாய்மார் அங்கே போய் விளக்கு வைக்கட்டும், அழட்டும். அவர்களை யாரும் தடுக்கக் கூடாது. அதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்னர் காத்தான்குடியிலிருந்து நாங்கள் சொல்ல வேண்டும்.

"உனக்கு என்ன தெரியும், உன் வீட்டில் யாரும் மௌத்தானார்களா" என்று கேட்கப் போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் விடுதலைப் புலிகள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் என் உம்மாவின் கடைசித் தம்பியும் ஒருவர். அவருக்கு அப்போது 17 வயது. எனக்கு இரண்டு. அவருடைய முகம் எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய சாரன் ஒன்று தெரியும். உம்மம்மா அதை மடித்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தா. தான் மௌத்தாகும் வரைக்கும் அதை யாரையும் தொட விடவில்லை.

எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவது குறைவு. ஆனால் மகன் எங்கே அடங்கியிருக்கிறார் என்பது உம்மம்மாவுக்குத் தெரியும். அந்தப் பக்கமாக ஓட்டோவில் போகும்போது ஸலாம் சொல்லுவா. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைப்பா. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசமாட்டா. சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை. பிள்ளை எங்கே கிடக்கிறது என்று தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, நான் வாவியைக் கடந்து படிப்பிக்கப் போன பிறகுதான் விளங்கியது.

முதல் நியமனம் எனக்குப் படுவான்கரையில். கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால் ஒரு தமிழ்ப் பாடசாலை. கணிதம் படிப்பிக்க ஆளில்லை என்று அனுப்பினார்கள். போகும்போது உம்மா அழுதா. எங்கள் வாப்பாமார் காலத்தில் மண்முனைத் துறையில் பாதையில் ஏறித்தான் அந்தக் கரைக்குப் போவார்கள். (பாதை என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆளையும் சைக்கிளையும் வானையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை.) 90க்கு முன்னர் எங்கள் ஊர்ச் சீலை வியாபாரிகள் சைக்கிளில் மூட்டையைக் கட்டி அந்தப் பாதையில்தான் போனார்கள். வேளாண்மை வெட்டினால் காசு என்று கொப்பியில் எழுதிக் கடன் கொடுப்பார்கள். 90க்குப் பிறகு எல்லாம் நின்றுபோனது. 2014இல் பாலம் திறந்த பிறகு இப்போது மோட்டார் சைக்கிளில் சில நிமிடப் பயணம். தூரம் குறைந்த அளவுக்குப் போக்குவரத்துக் கூடவில்லை. அங்கே படிப்பித்த காலத்தில் எங்கள் ஊரிலிருந்து என்னைப் பார்க்க வந்தவர்கள் இரண்டே பேர்.

அந்தப் பாடசாலையில் ஒருநாள் பழைய சேர்வு இடாப்பு ஒன்றைப் பார்க்க வேண்டி வந்தது. பழைய மாணவர் ஒருவருக்கு விடுகைப் பத்திரம் வேண்டும் என்றார்கள். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து 2004 வரையான பக்கங்களைப் புரட்டினேன். பெயர், பிறந்த திகதி, சேர்ந்த திகதி எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. விலகிய காரணம் எழுதும் இடம் மட்டும் பல பெயர்களுக்கு நேரே வெறுமையாக இருந்தது. ஒன்பதாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு. பழைய ஆசிரியை ஒருவரிடம், "ஏன் டீச்சர் எழுதாம விட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். "என்னத்த எழுதச் சொல்றீங்க சேர்?" என்றா.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் கேட்டது. கொடுக்காத வீடுகளிலிருந்து எடுத்துக்கொண்டு போனது. ரியூசன் முடிந்து வந்த பிள்ளையையும் கோவில் திருவிழாவுக்குப் போன பிள்ளையையும் பிடித்தார்கள். மட்டக்களப்பில் சிறுவர்களைச் சேர்த்ததைப் பற்றி யுனிசெப்பும் மனித உரிமை அமைப்புகளும் அப்போதே பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. விரும்பிப் போனவர்களும் இருந்தார்கள், அதை மறைக்கவில்லை. படுவான்கரையில் 1987இலும் 1991இலும் நடந்த படுகொலைகளில் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் மாவடி முன்மாரியில் கிடப்பவர்கள் எல்லோரும் துவக்கோடு பிறந்தவர்கள் என்று நினைக்கிற என் மாணவர்கள் அந்த இடாப்பை ஒருமுறை பார்க்க வேண்டும். அது வகுப்பறையிலிருந்து காணாமல் போனவர்களின் இடாப்பு.

தாழங்குடா கல்வியியற் கல்லூரியில் என்னோடு ஒரே விடுதியில் இருந்து படித்த நண்பன் ஒருவன் அந்தக் கரைக்காரன். நோன்பு காலத்தில் ஸஹருக்கு என்னை எழுப்பி விட்டதே அவன்தான். அவனுடைய அக்காவை 2000ஆம் ஆண்டு, 15 வயதில், கொண்டு போனார்கள். அடுத்த வருடம் ஒரு மோதலில் இறந்து, மாவடி முன்மாரியில் அடக்கினார்கள். அந்த மூன்று வருடமும் இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. காத்தான்குடிக்காரனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தானாம். நானும் என் மாமாவைப் பற்றி அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

நியமனம் கிடைத்த பிறகு அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். எனக்காக வாவி மீன் வாங்கி, புதுச் சட்டியில் அவனுடைய அம்மா சமைத்திருந்தா. "இறச்சி வாங்கல்ல மனே, உங்கட முறையில அறுத்ததா தெரியாது. மீனெண்டாப் பயமில்லாமச் சாப்பிடலாம்" என்றா. சாப்பிட்ட பிறகு தானாகவே பேசத் தொடங்கினா.

"எண்ட புள்ள இயக்கத்துக்குப் போகல்ல மனே. கொண்டு போனாங்க. பொட்டிய மூடித்தான் தந்தாங்க, முகத்தக்கூடப் பாக்க உடல்ல. முந்திக் கல் இருந்திச்சு, பேர் இருந்திச்சு. இப்ப எல்லாத்தையும் இடிச்சுப் போட்டாங்க. ஒரு பாலமரம் நிக்கிது. அதுல இருந்து எட்டி எட்டி வச்சு இருவத்திரெண்டு அடி. அதுதான் எண்ட புள்ள எண்டு நான் விளக்கு வைக்கன். பக்கத்துப் புள்ளையாவும் இருக்கலாம். அதுவும் ஒரு புள்ளதானே."

2007இல் படுவான்கரை இராணுவத்தின் கைக்கு வந்த பிறகு கிழக்கில் இருந்த துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. தரவை, கண்டலடி, மாவடி முன்மாரி, தாண்டியடி எல்லாவற்றுக்கும் அதே கதைதான். 2009க்குப் பிறகு வடக்கிலும் அதுதான் நடந்தது. கோப்பாயில் கல்லறைகளை நிரவிவிட்டு அதன் மேல் இராணுவத் தலைமையகம் கட்டினார்கள். பல வருடம் அந்தப் பக்கம் போகவே முடியாது. 2016க்குப் பிறகுதான் மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகும் நிலைமை வருடத்துக்கு வருடம் மாறுகிறது. 2023 நவம்பரில் எங்கள் மாவட்டத்தில் நினைவேந்தலோடு தொடர்புபடுத்திப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஆட்களைப் பிடித்தார்கள். 2024இல் வந்த புதிய அரசாங்கம், உறவினர்கள் நினைவுகூரலாம், தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னங்களைப் பாவிக்கக் கூடாது என்றது. அந்த 27ஆம் திகதி உயர்தரப் பரீட்சையை நிறுத்தும் அளவுக்கு வெள்ளம். அதற்குள்ளும் முழங்கால் தண்ணீரில் போய் விளக்கு வைத்தார்கள். என் நண்பனின் அம்மாவும் போனா.

இனி எங்கள் பக்கத்துக் கேள்விகளுக்கு வருகிறேன். எல்லாம் நியாயமான கேள்விகள்.

முதல் கேள்வி: பள்ளிக்குள் சுட்டவர்களும் அங்கே கிடக்கலாமே?

கிடக்கலாம். என் மாமாவைச் சுட்டவனே அங்கே கிடக்கலாம். இதை எழுதும்போது என் கை நடுங்காமல் இல்லை. ஆகஸ்ட் 3 மட்டுமா? ஒரு கிழமை கழித்து ஏறாவூரில் இரவோடிரவாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், தூங்கிய குழந்தைகள் உட்பட. அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். இவற்றில் ஒன்றையும் மறக்கச் சொல்லி நான் எழுதவில்லை. மீரா ஜும்ஆச் சுவரில் சன்னம் பட்ட ஓட்டைகள் இன்றும் இருக்கின்றன. என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறேன்.

ஆனால் பாலைமரத்திலிருந்து 22 அடியில் கிடக்கிற அந்தப் பிள்ளை 1990இல் ஐந்து வயதுக் குழந்தை. இரண்டு பேரும் ஒரே மண்ணில் கிடக்கிறார்கள், யார் எங்கே என்று பிரித்தெடுக்க எவராலும் முடியாது. கொலைகாரனுக்குத் தண்டனை என்று நினைத்து நாங்கள் அந்தக் கதவைச் சாத்தினால், அது இறந்தவனைத் தொடாது. அவனுடைய கணக்கு அல்லாஹ்விடம் போய்விட்டது. நாங்கள் தண்டிப்பது ஒரு வயதான மனுஷியை.

ஒரு யூதருடைய ஜனாஸா கடந்து போனபோது நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எழுந்து நின்ற சம்பவத்தை நாங்கள் எல்லோரும் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். அவர் யூதர் என்று சொன்னபோது, அதுவும் ஓர் ஆத்மாதானே என்று நபியவர்கள் கேட்டார்கள். அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா என்று விசாரித்துவிட்டு எழவில்லை.

இரண்டாவது விடயம். கப்று மறுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று இந்த நாட்டில் எங்களை விட வேறு யாருக்குத் தெரியும்?

1990 ஜூலை 12. ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பியவர்களும் இன்னும் பலரும் கல்முனைப் பக்கமிருந்து ஊருக்கு வந்துகொண்டிருந்தார்கள். குருக்கள்மடத்தில் வைத்து இயக்கம் மறித்தது. அவர்கள் வீடு வந்து சேரவில்லை. அங்கேயே கொன்று புதைத்தார்கள். நாங்கள் கல்முனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைக் கடந்துதான் போகிறோம். எங்கள் ஊரில் இன்றும் அந்த இடம் வரும்போது பஸ்ஸில் பேச்சை நிறுத்தி ஓதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2014இல் களுவாஞ்சிக்குடி நீதிமன்றத்துக்குப் போனது, அந்தக் குழியைத் தோண்டி ஜனாஸாக்களை எடுத்து எங்கள் முறைப்படி அடக்க வேண்டும் என்ற கோரிக்கை. என் பக்கத்து வீட்டு மாமிக்கு அதில் வாப்பாவும் காக்காவும் இருக்கிறார்கள். மாமியுடைய ஆசை ஒன்றே ஒன்றுதான்: இதுதான் உன் வாப்பாவின் இடம் என்று யாராவது காட்ட வேண்டும். பாலைமரத்திலிருந்து அடி அளக்கிற அம்மாவுக்கும் அதே ஆசைதான்.

அடுத்தது கொரோனா. 2020இல் எங்கள் ஜனாஸாக்களைப் பிடுங்கி எரித்தார்கள். இருபது நாள் குழந்தையையும் எரித்தார்கள். உலகமே அடக்கலாம் என்று சொல்லியும் எங்கள் நாட்டில் நிலத்தடி நீர் என்று கதை சொன்னார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரை தமிழர்கள் நடந்தபோது, எங்கள் ஜனாஸா விடயமும் அந்தக் கோரிக்கைகளில் இருந்தது. எங்கள் ஊர்களைக் கடந்த நேரம் முஸ்லிம்களும் அதில் சேர்ந்து நடந்தார்கள். நானும் கொஞ்சத் தூரம் நடந்தேன். அன்று அவர்கள், "ஊர்காவல் படை எங்களைக் கொன்றதே, இவர்களுக்கு ஏன் கப்று" என்று கேட்கவில்லை.

அதற்கு அடுத்த மாதம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் இடம் கிடைத்தது. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் 3,600க்கும் மேற்பட்ட உடல்கள் அந்தக் காட்டுப்பக்கத்து நிலத்துக்கு வந்தன. கூடுதலானவை எங்களுடையவை. பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அங்கே அடங்கியிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து வேன் பிடித்து வந்து, இலக்கத்தைத் தேடி, அந்த மண்மேட்டுக்கு முன்னால் நின்று அழுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகும் மாவடி முன்மாரிப் படத்துக்குக் கீழே "பொலிஸ் எங்க" என்று எழுத எங்களுக்கு எப்படி மனம் வந்தது?

மூன்றாவது விடயம் கொஞ்சம் கசக்கும். எங்களுடைய மையவாடியிலும் போராளிகள் இருக்கிறார்கள்.

90க்குப் பிறகு ஊரைக் காக்க ஊர்காவல் படையில் சேர்ந்தவர்கள் பலர் வாப்பாவின் வயதொத்தவர்கள். சொட்கன் ஒன்றைக் கொடுத்து வாவிக்கரைக் காவலரணில் இரவு முழுக்க நிற்க வைத்தார்கள். சொற்பச் சம்பளம், சீருடை கூடச் சரியாக இல்லை. அவர்கள் நின்றதால்தான் நாங்கள் தூங்கினோம். அந்தக் காவலில் சுடப்பட்டு இறந்தவர்கள் கிழக்கில் எங்கள் ஊர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். 1990 ஜூன் 11ஆம் திகதி சரணடையச் சொன்னதால் சரணடைந்து, கூட்டிப் போய்க் கொல்லப்பட்ட அறுநூறுக்கும் மேற்பட்ட பொலிஸாரில் முஸ்லிம் பொலிஸாரும் இருந்தார்கள். அவர்களை நாங்கள் எங்கே நினைவுகூருகிறோம்? மீஸான் கட்டை உக்கிப்போன பிறகு எது யாருடையது என்று மையவாடி பராமரிப்பவருக்கே தெரியாது. ஒரு பெயர்ப் பட்டியல் கூட நூலகத்தில் இல்லை.

அதே ஊர்காவல் படையைப் பற்றி அந்தப் பக்கம் வேறு ஞாபகம் இருக்கிறது. ஏறாவூரில் எங்களைக் கொன்ற அதே ஆகஸ்ட் 12ஆம் திகதி, வீரமுனையில் பிள்ளையார் கோவிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் ஊர்காவல் படையினருக்கும் பங்கிருந்தது என்று உயிர் தப்பியவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் அதை மேடையில் பேசுவதில்லை. பிள்ளைகளுக்குச் சொல்வதும் இல்லை. அதனால் அது நடக்காமல் போய்விடாது.

அப்படியென்றால் எங்கள் ஊர்காவல்காரருடைய கப்றை யாராவது வந்து இடித்தால் பொறுப்போமா? அந்த மனிதர் வீரமுனைப் பக்கம் போகவே இல்லையே, வாவிக்கரையில் நின்றவர்தானே என்று கேட்க மாட்டோமா? அந்த அம்மாவும் அதைத்தான் கேட்கிறா.

அரசாங்கத்தின் அளவுகோலையும் பாருங்கள். மே 19இல் இராணுவ வீரர்களை நினைவுகூருகிறார்கள். அது சரி, அவர்களும் பிள்ளைகள்தான். இந்தியப் படையினருக்குப் பத்தரமுல்லையில் நினைவுத்தூபி இருக்கிறது. 1971இலும் 87 தொடக்கம் 89 வரையும் அரசாங்கத்துக்கு எதிராக ஆயுதம் தூக்கிய ஜேவிபி, ரோஹண விஜேவீர கொல்லப்பட்ட நவம்பர் 13இல் வருடா வருடம் தங்கள் மாவீரர்களை நினைவுகூருகிறது. சிங்களத்திலும் அந்தச் சொல் 'மஹ விரு'தான். இன்று அவர்களே ஆட்சியில் இருக்கிறார்கள். நவம்பர் 13க்கு அனுமதி, 27க்கு மட்டும் பற்றை வெட்டவும் பயம் என்றால் அது சட்டமா?

வெள்ளைக்காரனுடைய கல்லறையைப் பாருங்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் எங்கள் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. முன்னூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் கப்பல் இன்றும் கல்லடிக்கு நேரே கடலுக்கு அடியில் கிடக்கிறது. திருகோணமலையில் நிலாவெளிக்குப் போகிற வழியில் அந்த யுத்தத்தில் இறந்தவர்களின் மயானம் இருக்கிறது. சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனபோது உள்ளே போனோம். புல் வெட்டி, பூ நட்டு, ஒவ்வொரு கல்லையும் கழுவி வைத்திருக்கிறார்கள். அதிகாரிக்கும் சாதாரண சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். கண்டியில் உள்ள யுத்த மயானத்தில் எதிரி நாடாக இருந்த இத்தாலியைச் சேர்ந்தவர்களும் கிடக்கிறார்கள். அவர்களுடைய கல்லையும் அதே ஆள்தான் கழுவுகிறார். எங்கோ இருந்து வந்தவர்களுக்கு இந்த மண்ணில் அந்த மரியாதை இருக்கிறது. இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு பாலைமரம்தான் அடையாளம்.

கடைசிக் கேள்வி, கட்டாயம் யாராவது கேட்பார்கள்: அப்படியென்றால் 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடிக்க வைத்தவனுக்கும் விளக்கு வைப்பீர்களா? சீயோன் தேவாலயத்தில் வெடித்தவன் எங்கள் ஊர்க்காரன். எங்கள் உலமாக்கள் அந்த ஆட்களின் உடல்களை முஸ்லிம் மையவாடிகளில் அடக்க இடம் தரமாட்டோம் என்றார்கள். அவனுடைய உடற்பாகங்களைக் கள்ளியன்காட்டில் புதைத்தபோது தமிழ் மக்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுடைய கோபம் எனக்கு விளங்கியது.

இதற்கு என்னிடம் சுகமான பதில் இல்லை. இப்படித்தான் யோசிக்கிறேன். அவனைப் பெற்றவர்கள் வீட்டுக்குள் அழுவதைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. அவனை யாராவது ஷஹீத் என்று சொல்லி நாலு பேரைக் கூட்டினால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன். அதே அளவுகோலைத்தான் மாவடி முன்மாரிக்கும் வைக்கிறேன். பிள்ளைக்காக அழுங்கள், பெயர் சொல்லி அழுங்கள், கல்லையும் திரும்ப வையுங்கள். ஸுஜூதில் இருந்தவர்களைச் சுட்டதையும் வீரம் என்று யாராவது அங்கே நின்று பேசினால், அதை முதலில் நீங்கள் நிறுத்துங்கள்.

தமிழ் நண்பர்களிடமும் இரண்டு வார்த்தை. உங்கள் வீட்டுக்கு வந்து உண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அந்த இடத்தை அரசியல்வாதிகளுக்கு மேடையாக்காதீர்கள். வருடத்தில் 364 நாளும் அந்தப் பற்றையை எட்டிப் பார்க்காதவர் 27ஆம் திகதி முன்வரிசையில் நிற்கிறார். பிள்ளையைக் கொடுத்த அம்மா பின்னால் நிற்கிறா. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று பிடித்துக்கொண்டு போனதையும், 2004 சித்திரையில் வெருகலில் ஒரே இயக்கத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கொன்றதையும் பேசாமல் அந்தப் பிள்ளைகளை நினைவுகூர முடியாது. எங்கள் குருக்கள்மடத்து ஜனாஸாக்களுக்காக உங்கள் குரலும் வேண்டும். அந்தக் காலத்தில் அங்கே நடந்ததைக் கண்டவர்கள் உங்கள் பக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் பேசினால் என் பக்கத்து வீட்டு மாமி கண்மூடுவதற்கு முன்னர் வாப்பாவின் இடத்தைக் காண்பா.

எங்கள் ஊர் மக்களிடம் கேட்பது நாலே நாலு.

27ஆம் திகதி வரும் படங்களுக்குக் கீழே கேலியும் ஏச்சும் எழுதாதீர்கள். உங்கள் பிள்ளை எழுதினால் கூப்பிட்டுக் கேளுங்கள்.

எங்கள் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பொது அமைப்புகளும், மரணித்தவர்களுக்காக உறவினர்கள் அழுவதை நாங்கள் எதிர்க்கவில்லை என்று ஒரு வரி சொல்லட்டும். ஒரு வரி போதும். அந்தக் கரையில் அது எவ்வளவு தூரம் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர்காவல்காரர்கள், பொலிஸார், குருக்கள்மடத்தில் போனவர்கள் எல்லோருடைய பெயரையும் வயதையும் வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி நூலகத்தில் வைப்போம். மூத்தவர்களிடம் கேட்டு எழுத என் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் தயார்.

எங்கள் மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், குருக்கள்மடத்துக் குழியையும் மாவடி முன்மாரிக் கல்லையும் ஒரே மூச்சில் பேசட்டும். ஒன்றை மட்டும் பேசுகிறவர் வோட்டுக்குப் பேசுகிறார்.

நேற்று நண்பனுக்கு போன் எடுத்தேன். இந்தப் பதிவைப் போடப் போகிறேன், உன் அக்காவைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். கொஞ்ச நேரத்தில் அம்மாவே எடுத்தா. "எழுதுங்க மனே. ஆனா எண்ட புள்ளைக்கு மட்டும் எழுதாதிங்க. உங்கட மாமாக்கும் சேத்து எழுதுங்க" என்றா. என் மாமாவைப் பற்றி நான் அவவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மகன் சொல்லியிருக்கிறான். அவவுக்கு இவ்வளவு நாளும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறா.

உம்மம்மா இருந்திருந்தால் இதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பா என்று யோசித்துக்கொண்டு இருக்கிறேன். அல்லாஹ் எங்கள் ஷுஹதாக்களைப் பொருந்திக்கொள்வானாக. பிள்ளையைப் பறிகொடுத்த எல்லாத் தாய்மாரின் மனதையும் ஆற்றுவானாக.

தகவலில் பிழையிருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன். அந்தக் குழுமத்தில் எழுதிய என் இரண்டு மாணவர்களுக்கும்: உங்கள் பெயரை எங்கும் போடமாட்டேன். ஒரு சனிக்கிழமை நேரம் இருந்தால் வாருங்கள். பாலத்தால் அந்தப் பக்கம் போய் வருவோம்.